மொழி: தமிழ்

"இப்பட்டப்படிப்பை நிறைவு செய்பவர் உடல் திடமும் மன உறுதியும் கொண்டவர், நெருக்கடியில் பதறாதவர், கூர்ந்து நோக்கும் திறனும் சார்பற்ற பார்வையும் உடையவர், சமூகத்தின் எல்லாப் பிரிவினரையும் ஒன்றுபோல் மதிப்பவர்."

காவல் பணியும் சமூகவியலும் சேர்ந்த மூன்று வருட பி.ஏ. படிப்புக்காகக் கல்லூரி அச்சடித்த கையேட்டில் இப்படித்தான் இருக்கிறது. பக்கத்தில் ஒரு படம். கைகட்டி நிற்கும் பெண், தொலைவைப் பார்க்கும் கண்கள், பின்னால் கர்நாடகச் சட்டமன்றக் கட்டடமான விதான சௌதா.

கேரல் அந்தப் படிப்பில் இரண்டாம் வருடம். சாலையைக் கடக்க வேண்டுமென்றால் முன்பின் தெரியாத ஏதாவதோர் அம்மாளை ஒட்டிக்கொண்டு கடப்பாள். நாய் குரைத்தால் தெருவை மாற்றிக்கொள்வாள். அணிவகுப்புப் பயிற்சியில் 'இடது' என்று கத்தினால் எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று நினைத்துப் பார்த்து, மற்றப் பக்கம் திரும்புவாள். விசில் ஊதக் கொடுத்தபோது காற்று மட்டும் வந்தது. இதெல்லாம் போகட்டும். கையேட்டில் மீதி இருப்பவை கூர்ந்த நோக்கும் சார்பற்ற பார்வையும். அந்த இரண்டிலும் தான்தான் வகுப்பில் முதல் என்று அவள் நம்பியிருந்தாள். மதிப்பெண்களும் அப்படித்தான் சொல்லின.

வீடு பெங்களூர் ஒக்கலிபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். அப்பா அலெக்சாண்டர் ஏசி மெக்கானிக். அம்மா மௌரீன் பங்குக் கோயில் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். மகள் பி.காம். படிக்கட்டும் என்றார் அப்பா, நர்சிங் என்றார் அம்மா. கேரல் இதைத்தான் படிப்பேன் என்றதற்குக் காரணம் ஒன்று உண்டு. அலெக்சாண்டரின் ஸ்கூட்டர் திருட்டுப் போனபோது அவள் பள்ளிக்கூடத்துப் பெண். அப்பாவோடு காவல் நிலையத்துக்குப் போயிருந்தாள். அங்கே இருந்த பெண் சப் இன்ஸ்பெக்டர், "உக்காருங்க சார்" என்றார். ஸ்கூட்டர் கிடைக்கவில்லை. ஆனால் அப்பாவை யாரும் சார் என்று கூப்பிட்டு கேரல் அதுவரை கேட்டதில்லை. ஏசி ரிப்பேருக்குப் போகும் வீடுகளில் அவர் "ஏசிக்காரர்"தான். அந்த நாற்காலியில் உட்கார்ந்து, வருகிற எல்லாரையும் சார், மேடம் என்று கூப்பிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது.

எல்லாரையும் மதிப்பதற்காகப் படிக்கப் போனவள் முதல் நாளே செய்த காரியம், தன் சந்தை மறைத்தது. வைட்ஃபீல்ட் பக்கத்துக் கல்லூரி. வகுப்பில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து வருபவர்கள். "நீ எங்கே இருக்கே?" என்று வைஷ்ணவி கேட்டாள். "மல்லேஸ்வரம் சைடு" என்றாள் கேரல். அந்த 'சைடு' பெங்களூரில் பலருக்கு உதவும் சொல். அதில் பெரிய பொய்யும் இல்லை. ரயில் பாதையைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் வசதியானவர்கள் வாழும் மல்லேஸ்வரம்தான். கன்னடம் அவளுக்குச் சுத்தமாக வரும், ஆங்கிலமும் குறையில்லை. தமிழ் வீட்டுக்கும் ஞாயிறு பூசைக்கும் மட்டும். கேரல் என்ற பேரைக் கேட்டவர்கள் மங்களூராக இருக்கும், கோவாவாக இருக்கும் என்று தாங்களே முடிவு செய்துகொண்டார்கள். அவள் திருத்தவில்லை.

இந்த ஏற்பாட்டுக்குள் ஒருநாள் சீனு வந்து நின்றான்.

சீனு எதிர் வீடு. இரண்டு வயது மூத்தவன். அவன் அம்மாவும் மௌரீனும் மொட்டை மாடியில் ஒரே கொடியில் துணி காயப்போடுவார்கள். மழை வந்தால் யார் முதலில் ஓடுகிறார்களோ அவர்கள் இரண்டு வீட்டுத் துணியையும் எடுத்துவிடுவார்கள். சீனு டிப்ளமா முடித்துவிட்டு, வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சாப்பாடு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஆர்டர் அதிகம் என்று வைட்ஃபீல்ட் பக்கமே சுற்றுவான். கல்லூரி வாசலில் பார்சலோடு நின்றவன் அவளைக் கண்டதும் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிச் சிரித்தான்.

"இன்னா கேரல், இங்கதான் படிக்கிறியா? போலீஸ் காலேஜ்னு ஆன்ட்டி சொன்னாங்களே. அப்ப இனிமே நம்ம லேன்லயும் ஹெல்மெட் போட்டுக்கினுதான் போணுமா?"

வைஷ்ணவியும் இன்னொரு வகுப்புத் தோழி கிருத்திகாவும் திரும்பிப் பார்த்தார்கள். கேரல் அவனைக் காம்பவுண்டு சுவர் ஓரம் கூட்டிப்போனாள்.

"சீனு, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லு."

"இங்க என்னைப் பார்த்தா தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

"ஏன், நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணலை. சும்மாதான்."

சீனு அவளையும், தூரத்தில் நின்ற இரண்டு பெண்களையும், தன் காலில் இருந்த ரப்பர் செருப்பையும் பார்த்தான். அப்புறம் சிரித்தான். "சரி மா. பாத்தாலும் பாக்கல. ஓகேவா?"

சொன்னபடி நடந்துகொண்டான். அதற்குப் பிறகு வாசலில் அவளைக் கண்டால் ஹெல்மெட்டின் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொள்வான். சாயங்காலம் மொட்டை மாடியில் பார்த்தால் வழக்கம்போலப் பேசுவான். முதல் தடவை கண்ணாடி இறங்கியபோது கேரலுக்கு நிம்மதியாக இருந்தது. இரண்டாம் தடவை அவ்வளவு நிம்மதியாக இல்லை. பிறகு அந்த வாசல் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

ஷோபா மேடம் 'குற்றமும் சமூகமும்' பாடம் எடுப்பவர். சாட்சிகளைப் பற்றி வாரக்கணக்கில் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு ஆளை எப்படி வருணிப்பது என்பதற்கு மேடம் ஒரு முறை சொல்லிக் கொடுத்திருந்தார். தலையில் ஆரம்பித்துக் காலில் முடிக்க வேண்டும்: முடி, முகம், நிறம், உடல்வாகு, உடை, காலணி, கடைசியில் பேசிய மொழி. "பார்த்ததைச் சொல்லுங்க, நினைச்சதைச் சொல்லாதீங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்றதுதான் நல்ல சாட்சி" என்பார். நன்றாகத்தான் சொல்வார். ஆனால் உள்தேர்வில் வருணனைப் படிவத்தில் காலியாக விட்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு மதிப்பெண் குறைத்தவரும் அவரேதான். இந்த முரண்பாட்டை மேடம் கவனிக்கவில்லை. கேரல் கவனித்து, எல்லாக் கட்டத்தையும் நிரப்பி, முதல் மதிப்பெண் வாங்கினாள். அடுத்த மாதம் ஒரு காவல் நிலையத்தில் பயிற்சிக்கு அனுப்பப் போகும் மாணவர்களின் பெயர்களில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அம்மா அதைப் பங்குச் சாமியாரிடம் வரை சொல்லியாகிவிட்டது.

ஒருநாள், மதியத்துக்கு முந்தைய அவருடைய வகுப்பு. கேரல் தலையைக் குனிந்து, ஸ்கேல் வைத்துப் புத்தகத்தில் ஒரு வரிக்கு அடிக்கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கதவு சுவரில் மோதிய சத்தம். நாற்காலி விழுந்த சத்தம். மேடத்தின் அலறல். நிமிர்ந்தபோது ஒரு முதுகு பின்பக்கக் கதவு வழியாக மறைந்துகொண்டிருந்தது. மேசைமேல் இருந்த மேடத்தின் கைப்பை இல்லை.

வகுப்பே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தது. கேரல் உறையவில்லை. இது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு நடைக்கு ஓடி போலீசின் அவசர எண் 112ஐ அழைத்தாள். எதிர்முனையில் ஒரு பெண், கன்னடத்தில், ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டாள். கேரல் தலையில் ஆரம்பித்தாள். குட்டை முடி. வயது இருபத்தைந்துக்குள். கருப்பு. ஒல்லி. கருப்பு டீ-ஷர்ட். ரப்பர் செருப்பு. திக்கல் இல்லாமல், யோசிக்காமல் வந்தது. பார்த்தது ஒரு முதுகு, அதுவும் பாதி. ஆனால் சொல்லச் சொல்ல அந்த ஆள் அவள் கண் முன்னாலேயே நின்றான். செருப்பின் வார் நிறம் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

"இன்னும் ஏதாவது இருக்கா?" என்றாள் எதிர்முனைப் பெண். மொழியை அவள் கேட்கவில்லை. கடைசிக் கட்டம் காலியாக இருந்தது. கேரலே நிரப்பினாள்.

"தமிழ் பேசுறவன்."

சுத்தமான கன்னடத்தில் சொன்னாள்.

திரும்பி வந்தால் எல்லாரும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடம் நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். "எங்கே போனே கேரல்?" என்றார்.

"வாஷ்ரூம், மேடம்."

"சரி, உக்காந்து எழுது. பார்த்த ஆளை வருணிக்கணும். பேர் எழுத வேண்டாம்."

என்ன நடக்கிறது என்று முழுதாகப் புரிவதற்குள் கை எழுதிவிட்டது. ஃபோனில் சொன்னதையே எழுதினாள். தாள்களை வாங்கிக்கொண்ட மேடம், "டேரில், உள்ளே வாப்பா" என்றார்.

கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவன் சில வருடங்களுக்கு முன் இதே படிப்பை முடித்து, நாடகக் குழு ஒன்றில் சேர்ந்திருப்பவன். உருண்டையான உடம்பு, நல்ல சிவப்பு, தாடி, மூக்குக் கண்ணாடி. முழுக்கை கட்டம் போட்ட சட்டை. வெள்ளை ஷூ. வகுப்பு ஆரவாரம் செய்தது.

மேடம் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒருத்தர் தாடியைத் தவற விட்டிருந்தார், ஒருத்தர் சட்டைக்கு நிறம் மாற்றியிருந்தார். பிறகு மேடத்தின் குரல் கொஞ்சம் மெதுவாகியது. "ஒல்லி" என்று படித்தார்.

டேரில் தன் வயிற்றைத் தடவிக்கொண்டான். "இதை எழுதினவங்களுக்கு ரொம்ப தேங்க்ஸ்."

"கருப்பு டீ-ஷர்ட். ரப்பர் செருப்பு. மொழி: தமிழ்."

"நான் வாயே திறக்கலையே மேடம். எங்க வீட்ல கொங்கணி."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் சிரிக்கும்போது சும்மா இருந்தால் தெரிந்துவிடும் என்று கேரலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பிற்பாடு நினைத்தபோதெல்லாம் அவளுக்குக் காது சூடாகும்.

"யார் எழுதினதுன்னு கேக்க மாட்டேன்" என்றார் மேடம். "ஆனா யோசிச்சுப் பாருங்க. கதவு வழியா வந்தது டேரில். இந்த ஒல்லி ஆள் எந்த வழியா வந்தான்?"

கேரல் மேசையைப் பார்த்தாள்.

"அப்புறம், யாரும் நிஜமாவே போலீசுக்கு ஃபோன் பண்ணலையே? போன வருஷம் ஒரு புண்ணியவான் பண்ணிட்டான். இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டு வெச்சுத் திட்டினார். இனிமே அப்படி யாராவது பண்ணினா அந்தப் பேரை ஸ்டேஷன் பயிற்சிக்கு அனுப்ப மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். யாரும் பண்ணலையே?"

கேரலின் பைக்குள் ஃபோன் அதிர்ந்தது. தெரியாத எண். அவள் பையை மடிக்கு இழுத்து இரண்டு கைகளாலும் அழுத்திக்கொண்டாள். யாரும் பண்ணவில்லை என்று வகுப்பு தலையாட்டியது. அவளும் ஆட்டினாள்.

மதிய இடைவேளையில் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது வாசலில் ஹொய்சளா வண்டி நின்றது. பெங்களூரில் ரோந்து போலீசின் வண்டிக்கு அந்தப் பெயர். இரண்டு காவலர்கள். கல்லூரி வாசல் காவலாளி ஆர்வமாகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார்: "ஆமா சார், மாடியில ஏதோ கத்தினாங்க, நானே கேட்டேன்." அவர்களுக்கு நடுவில், உணவு கம்பெனியின் கருப்பு டீ-ஷர்ட்டோடு, சீனு. டெலிவரிப் பையைத் திறந்து தரையில் வைத்திருந்தார்கள். ஹெல்மெட் காவலர் ஒருவரின் கையில் இருந்தது.

அந்த ஒல்லி ஆள் எந்த வழியாக வந்தான் என்று கேரலுக்கு அப்போது தெரிந்தது. குட்டை முடியிலிருந்து ரப்பர் செருப்பு வரை அவள் வருணித்தது எதிர் வீட்டுப் பையனை.

"அய்யோ, நிஜமாவே யாரையோ பிடிச்சிருக்காங்க பாரு" என்றாள் வைஷ்ணவி. "நம்ம கிளாஸ்ல எழுதின அதே ஆள். செருப்பு கூட."

சீனு நிமிர்ந்தான். கூட்டத்தில் கேரலைப் பார்த்தான். ஒரு நொடிதான். இறக்கிவிட ஹெல்மெட் கையில் இல்லாததால் முகத்தையே சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஏய், இவன் அன்னிக்கு உன்கிட்டப் பேசினவன் இல்ல? உனக்குத் தெரிஞ்சவனா?" என்றாள் வைஷ்ணவி.

"இல்லை" என்றாள் கேரல். "அட்ரஸ் கேட்டான். அவ்வளவுதான்."

வண்டிக் கதவு சாத்தப்பட்டது. வண்டி போயிற்று. அவனுடைய ஸ்கூட்டர் சாவியோடு சுவரோரமே நின்றது.

கேன்டீனில் கேரல் வாங்கிய சாப்பாடு அப்படியே இருந்தது. படிப்பு அவளுக்குக் கைகொடுத்தது; சமாதானங்களுக்குப் பஞ்சமில்லை. திருட்டே நடக்காத இடத்தில் எவ்வளவு நேரம் வைத்திருப்பார்கள்? ஒரு தனிமனுஷியின் தவறா இது, அமைப்பின் தவறல்லவா? மேடமே போய்ச் சொல்லிவிடுவார். ஆனால் மேடத்துக்கு யார் சொல்வது? ஃபோன் மறுபடியும் அதிர்ந்தது. அதே எண். அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்த மேசையில் மேடமும் டேரிலும். டேரில் தன் ஃபோனை வெறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னாச்சுப்பா, இன்னும் வரலையா?"

"வாசல்ல நிக்கிறான்னு ரொம்ப நேரமா காட்டுது மேடம். ஃபோன் எடுக்க மாட்டேங்கிறான். நடிச்சதுக்குப் பிரியாணி வாங்கித் தர்றேன்னு சொன்னீங்க. பசி உயிர் போகுது."

"டெலிவரி பண்றவன் பேர் என்ன போட்டிருக்கு?"

"சீனிவாசன்."

பையைப் பறித்தவன் பிரியாணிக்குக் காத்திருக்க, பிரியாணி கொண்டுவந்தவன் நிலையத்தில் இருந்தான். இது கேரலைத் தவிர யாருக்கும் தெரியாது. எழுந்து இரண்டு அடி நடந்து அந்த மேசையில் சொல்லியிருக்கலாம். எழுந்தாள். மேடம் நிமிர்ந்து, "என்னம்மா?" என்றார். "ஒண்ணுமில்ல மேடம்" என்றாள். அந்த ஒண்ணுமில்லையோடு படியிறங்கி, வாசலைத் தாண்டி, சீனுவின் ஸ்கூட்டரைத் தாண்டி, ஆட்டோ பிடித்தாள்.

நிலையத்துக்குள் நுழையும்போது அவளுக்கு ஒரு வேடிக்கையான எண்ணம் வந்தது. அடுத்த மாதம் இங்கேதான், பயிற்சிக் கடிதத்தோடு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வருவதாக இருந்தது.

சீனு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான், ஹெல்மெட் மடியில். பிரியாணிப் பொட்டலம் மேசைமேல் சாட்சிப் பொருள்போல இருந்தது. அவளைப் பார்த்ததும் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.

சப் இன்ஸ்பெக்டர் ஒரு பெண். முப்பது வயதிருக்கலாம். கன்னடத்தில்தான் பேச்சு. "நீங்கதான் ஃபோன் பண்ணினவங்களா? எத்தனை தடவை கூப்பிடுறது உங்களை? உக்காருங்க மேடம்."

மேடம் என்றார். கேரல் உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும். உங்களை மாதிரி யாரும் சொல்றதில்லை. தலையிலேர்ந்து கால்வரைக்கும், வரிசையா. எங்க ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டணும்னு நினைச்சேன். இவன்தானே?"

"இவன் இல்லை மேடம்."

"இல்லையா? எல்லாம் பொருந்துதே."

"இவனை மாதிரிதான். ஆனா இவன் இல்லை."

இவ்வளவு போதும் என்றுதான் ஆட்டோவில் முடிவு செய்து வைத்திருந்தாள். சீனு வெளியே வந்துவிடுவான். ஃபோன் ஏன் செய்தாள், எதைப் பார்த்தாள் என்ற பேச்சே வராது. பயிற்சியும் போகாது.

சப் இன்ஸ்பெக்டர் தயங்கவேயில்லை. காவலரைக் கூப்பிட்டார். "இவனை விட்டுடுங்க. அந்தப் பிரியாணி ஹோட்டல் வாசல்ல இவனை மாதிரியே நாலைஞ்சு பேர் நிப்பாங்க, இதே டீ-ஷர்ட். அதுல தமிழ்க்காரன் யாருன்னு பார்த்துக் கூட்டிட்டு வாங்க. இந்த மேடம் இங்கயே இருந்து அடையாளம் காட்டுவாங்க."

சீனு எழுந்தவன் நின்றான். சுவர்க் கடிகாரத்திடம் சொல்வதுபோலத் தமிழில் சொன்னான். "தமிழ்க்காரன்னா பாபுதான் நிப்பான். ஊருக்குப் புதுசு. கன்னடம் ஒரு வார்த்தை வராது அவனுக்கு."

காவலர் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"மேடம்" என்றாள் கேரல். "திருட்டே நடக்கலை."

காவலர் வாசலில் நின்றார். கேரல் சொன்னாள். பாடப் பயிற்சி, டேரில், கைப்பை, தான் குனிந்து அடிக்கோடு போட்டது, முதுகு. இந்தத் தடவை தலையிலிருந்து கால்வரை வரவில்லை. துண்டு துண்டாக, முன்னும் பின்னுமாக வந்தது. சப் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அப்ப கருப்பு டீ-ஷர்ட்?"

"பார்க்கலை."

"செருப்பு?"

"பார்க்கலை."

"தமிழ்?"

"யாரும் பேசவேயில்லை மேடம்."

"பின்ன ஏன் சொன்னே?"

நீங்கள் நீயானதைக் கேரல் கவனித்தாள். கூர்ந்த நோக்கு அதற்கு மட்டும் உதவியது. ஏன் என்ற கேள்விக்குப் பாடத்திட்டத்தில் மூன்று கோட்பாடுகள் இருந்தன, ஆசிரியர் பெயர்களோடு எழுதினால் முழு மதிப்பெண். அவற்றில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"தோணுச்சு" என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் சீனுவைக் காட்டினார். "இவனைத் தெரியுமா உனக்கு? இவன்கிட்ட, உன்னைத் தெரிஞ்சவங்க காலேஜ்ல யாராவது இருந்தா கூப்பிடுடான்னு கேட்டேன். யாரும் இல்லைன்னுட்டான்."

கேரல் சீனுவைப் பார்த்தாள். அவன் ஹெல்மெட்டின் பட்டையை முறுக்கிக்கொண்டிருந்தான்.

"தெரியும் மேடம். எதிர் வீடு. சின்ன வயசிலேர்ந்து தெரியும்."

"எந்த ஏரியா?"

"ஒக்கலிபுரம்."

கல்லூரியில் சேர்ந்ததிலிருந்து வீட்டுக்கு வெளியே அந்தப் பெயரை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன இடமும் பொருத்தமான இடம்தான்.

"எல்லாத்தையும் எழுதிக் கொடு. உங்க லெக்சரர் நம்பரும் எழுது, நான் பேசணும்" என்று ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார் சப் இன்ஸ்பெக்டர். பிறகு சீனுவின் பக்கம் திரும்பி, "நீங்க போகலாம் சார். சிரமத்துக்கு வருத்தம்" என்றார். அந்த 'சார்' என்ற சொல்லுக்காகத்தான் கேரல் இந்தப் படிப்புக்கே வந்தாள். சொன்னவர் முகத்தை அப்போது அவளால் பார்க்க முடியவில்லை.

எழுதி முடித்து வெளியே வந்தபோது சீனு படியில் உட்கார்ந்திருந்தான். பிரியாணிப் பொட்டலம் பக்கத்தில்.

"ஸாரி சீனு."

"பரவால்ல."

"நான்தான் ஃபோன் பண்ணினேன்."

"தெரியும் மா. உள்ள நீ சொன்னதை நானுந்தான் கேட்டுனு இருந்தேன்."

"எங்கிட்ட ஏன் பேசலை? வாசல்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீதானே சொன்னே, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதேன்னு." அவன் குரலில் கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவன் தன் டீ-ஷர்ட்டை இழுத்துப் பார்த்துக்கொண்டான். "இது கம்பெனி குடுத்தது. செருப்பு மழைக்குப் போட்டுக்கினு வந்தது. தமிழ் மட்டுந்தான் சொந்தம். அது உனக்கும் சொந்தம்தானே?"

கேரல் அந்தச் செருப்பைப் பார்த்தாள்.

"இந்த ஆர்டர் போச்சு. கம்பெனில என் ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க, எப்ப தொறப்பாங்களோ." பொட்டலத்தைத் தட்டினான். "யார்து இது, பாவம், பசியோட இருப்பான்."

"டேரிலோடது. திருடனா நடிச்சவன்."

சீனு பொட்டலத்தைப் பார்த்தான். பிறகு மூக்கால் சிரித்தான். "கொண்டு போய்க் குடுத்துடு. கஷ்டப்பட்டுத் திருடியிருக்கான்."

"வீட்ல அம்மாகிட்ட நீ..."

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பயப்படாதே."

"இல்லை. நானே சொல்றேன்னு சொல்ல வந்தேன்."

"அது உன் இஷ்டம்" என்றான் சீனு. "வண்டி உங்க காலேஜ் வாசல்லயே கெடக்குது. நான் முன்னால நடக்கிறேன். நீ அப்பால வா. ரெண்டு பேரும் சேந்து போனா யாராவது பாப்பாங்க."

"பார்க்கட்டும், சீனு."

"உனக்குப் பரவால்ல. எனக்கு வேணாம் மா."

எழுந்து ஹெல்மெட்டை மாட்டினான். வண்டி பக்கத்தில் இல்லை, நடக்கத்தான் போகிறான். இருந்தும் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு, சாலையோரமாக நடந்து போனான். கேரல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, அவன் கண்ணுக்குத் தெரியாத தூரம் போகும்வரை படியிலேயே நின்றாள்.

பயிற்சிக்குப் போனவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஷோபா மேடம் திட்டவில்லை. அந்தத் தாளை எழுதியது யார் என்று கேட்க மாட்டேன் என்று சொன்னவர், தெரிந்த பிறகும் வகுப்பில் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று கேரலுக்குத் தோன்றியது. கேரல் சொன்னதைக் கேட்ட மௌரீன் இரண்டு நாள் மொட்டை மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மழை வந்தது. சீனுவின் அம்மா ஓடிப்போய் இரண்டு வீட்டுத் துணியையும் எடுத்தார், மடித்துக் கொடுத்தார், ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த வருடக் கையேட்டை அச்சடிக்கும்போது கல்லூரி வருணனையை மாற்றவில்லை. அதே பெண், அதே விதான சௌதா.

கேரல் செய்தது இவ்வளவுதான். தான் பார்க்காத ஒரு ஆளைப் பார்த்ததாகப் போலீசிடம் சொன்னாள். அதனால் பிடிபட்ட சீனுவைத் தெரியாது என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் நிலையத்துக்குப் போய், இரண்டும் பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.